பூரியைத் தின்றது யார்?

அம்மா என்னோடு வந்து இருக்கத் தொடங்கியபோது கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதைத் தூக்கி வந்த என் கணவர் உள்ளே வெள்ளிப் பாத்திரம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்; அவ்வளவு கனம். திறந்தால் பைண்டு புத்தகங்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழைய மாத நாட்காட்டியின் வழவழப்பான தாளை அட்டையாகப் போட்டு வைப்பது அந்தத் தலைமுறைப் பெண்களின் வழக்கம். லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி என்று அம்மாவின் 1970களும் 1980களும் அந்தப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

தொடர்கதையைக் கிழித்தால் அந்தத் தாளின் பின்பக்கமும் கூடவே வந்துவிடும். சோப்பு விளம்பரம், சமையல் குறிப்பு, துணுக்கு, சிரிப்புப் படம். ஆய்வு செய்து பழகிய கண்ணுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முதலில் தெரியும். தையலுக்குள் பாதி போய்விட்டதால் பல ஜோக்குகளுக்குத் தலை இருந்தது, வால் இல்லை. இருந்தாலும் ஒன்றும் குறையவில்லை. வால் என்னவாக இருக்கும் என்று நமக்குத்தான் தெரியுமே. ஒரு மனைவி, ஒரு கணவன், ஒரு பூரிக்கட்டை. கணவன் தலையில் ஒரு வீக்கம். அலுவலக நண்பர் கேட்கிறார், என்ன ஆயிற்று என்று. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்கிறான் கணவன்.

அப்படி முழுதாகத் தப்பிய ஒரு படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து.

“பூரியைத் தின்றது யார்?”

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அடிக்குறிப்புகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இந்த வரியளவு கூர்மையானதாக இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பென்சில் வரிக்கு நான் எழுதும் உரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஜோக் வாசிப்பது அப்பாவின் வேலை. இரவு உணவு முடிந்து அவர் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு சத்தமாக வாசிப்பார். நானும் தம்பியும் உருண்டு சிரிப்போம். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். “என்ன, சிரிக்கவே மாட்டேங்கிற?” என்று அப்பா குரல் கொடுப்பார். “கேட்டுது, கேட்டுது” என்று பதில் வரும். அம்மாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று வெகுகாலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கே அது கொஞ்சம் குறைவு என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னபோது தலையாட்டியும் இருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் கடந்த சில ஆண்டுகளாகப் பழைய நூல்களில் வீட்டுச் சிரிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேட வேண்டிய முதல் இடம் தொல்காப்பியம். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அழுகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்னால், முதல் இடத்தில் நகை. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுண்டு. இந்த நான்கில் பின் மூன்றும் ஒருவரிடம் இருப்பவை. குழந்தைத்தனம், அறியாமை, எதையும் அப்படியே நம்பிவிடும் குணம். எள்ளல் மட்டும் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. அதனால் எள்ளல் என்று வந்தால், யார் யாரை என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சங்கப் பாடல்களில் அந்தக் கேள்விக்குப் பல விடைகள் இருக்கின்றன. குறுந்தொகையின் 8ஆம் பாடல் ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை. தலைவியின் பக்கத்து ஆட்களுக்குக் காதில் விழும்படி பேசுகிறாள். எங்கள் இடத்துக்கு வந்தால் அவன் பேச்சென்ன, பெருமையென்ன. தன் வீட்டுக்குப் போய்விட்டாலோ நாம் கையைத் தூக்கினால் கையைத் தூக்கும், காலைத் தூக்கினால் காலைத் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போலத் தன் பிள்ளையின் தாய் சொன்னதற்கெல்லாம் ஆடுகிறான் என்று சிரிக்கிறாள். வெளியே புலி, வீட்டில் எலி என்று நாம் சொல்லும் ஜோக்குக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று இது. இதை நடத்திய ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “மேடம், இது எங்கப்பா!” என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. மருதத் திணையை அதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை.

ஆனால் சிரித்து முடித்ததும் இன்னொரு முறை படிக்க வேண்டும். சிரிப்பவள் பெண், சிரிக்கப்படுபவன் ஆண், அதுவரை சரி. கூடவே, ‘பிள்ளையின் தாய்’ என்று தலைவிக்கும் ஒரு குத்து இருக்கிறது. அவள் இப்போது இளமை கடந்தவள், பிள்ளை பெற்றவள் என்ற குத்து. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் குத்துகிறாள். நடுவில் நிற்கும் தலைவனுக்கு இரண்டு வீட்டுக் கதவும் எப்படியும் திறந்துவிடும். பிற்காலத்து மாமியார் மருமகள் ஜோக்கின் வரைபடம் இதற்குள்ளேயே இருக்கிறது.

இதே குறுந்தொகையில் 167ஆம் பாடல் வேறு வகைச் சிரிப்பு. கூடலூர் கிழார் பாடியது. மணமான மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய் பெற்ற தாயிடம் சொல்கிறாள். தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டிருக்கிறாள் நம் பெண். தாளிப்புப் புகை கண்ணில் ஏறியிருக்கிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சாப்பிட, அவள் முகம் கண்டும் காணாமல் மலர்ந்ததாம். இளமையில் பிறக்கும் நகை இது. பாத்திரம் கழுவத் தெரியாமல் வளர்ந்த பெண் துணியில் கை துடைத்துக்கொண்டு சமைக்கிறாளே என்று இரண்டு தாய்மார்களும் கண்ணில் நீர் வரச் சிரித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். என் திருமணத்துக்குப் பிறகு முதன்முறை வீட்டுக்கு வந்த அம்மா, நான் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, “சாம்பார் நல்லா இருக்குடி” என்றாள். அதுவும் இந்த வகைதான்.

திருக்குறளின் 132ஆம் அதிகாரம் புலவி நுணுக்கம். காமத்துப்பாலில் இவ்வளவு பெரிய நகைச்சுவைக் காட்சி இருப்பதைப் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்வதில்லை. கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள், உடனே அழுகிறாள். எவள் நினைத்ததால் தும்மினாய் என்று. சரி என்று அடுத்த தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை: உன்னை நினைப்பவளை என்னிடம் மறைக்கிறாயா என்று. ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்று அதற்கும் கோபம். ‘என் பெண்டாட்டி இருக்கிறாளே’ என்று நண்பர்களிடம் ஒருவன் சொல்லிச் சிரிக்கும் தொனி இந்தக் குறள்களில் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதே அதிகாரத்தின் 1312ஆம் குறளில் பேசுகிறவள் அவள். நாங்கள் ஊடி, பேசாமல் இருந்தோம். நீடு வாழ்க என்று நான் வாய் திறந்து சொல்வேன் என்று தெரிந்தே அவர் தும்மினார் என்கிறாள். அதாவது அது பொய்த் தும்மல். அதைக் கண்டுபிடித்துவிட்டுத் தோழியிடம் சொல்லிச் சிரிக்கிறாள். ஒரே தும்மலுக்கு இரண்டு கதைகள். அவன் சொல்லும் கதையில் அவள் காரணமில்லாமல் அழுகிறவள். அவள் சொல்லும் கதையில் அவன் மூக்கால் தூது விடுகிறவன். வள்ளுவர் இரண்டு பேருக்கும் வாய் கொடுத்திருக்கிறார். இந்த இரண்டு வாய்களில் ஒன்று பின்னால் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடலில் அந்தப் பாதை தெரிகிறது. ஒருவன் ஔவையை விருந்துக்கு அழைத்து வந்துவிடுகிறான். மனைவியிடம் சொல்லப் பயம். பக்கத்தில் உட்காருகிறான், முகத்தைத் திருத்துகிறான், தலையில் ஈரும் பேனும் எடுத்துவிடுகிறான், பிறகு மெதுவாக, விருந்து வந்திருக்கிறது என்கிறான். அவ்வளவுதான். அவள் ஆடி, பாடி, பழைய முறத்தை எடுத்து ஓட ஓட அடிக்கிறாள். பாடல் முழுவதும் ஓட்டமும் நடையுமாக இருக்கும். சிரிக்காமல் சொல்ல முடியாது. நானும் சிரித்துக்கொண்டேதான் நடத்துவேன். பிறகு மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: அழைத்தது அவன், சாப்பிடப் போவது ஔவை, சமைக்க வேண்டியது யார்? பானையில் என்ன இருந்தது என்று அவளை யாராவது கேட்டார்களா? அந்தப் பாடலில் அவளுக்கு வாயே இல்லை. கையும் முறமும் மட்டும்தான். பூரிக்கட்டையின் கொள்ளுப்பாட்டி அந்தப் பழமுறம்.

இந்த அடி தெய்வங்களையும் விட்டுவைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து திருவரங்கம் பக்கம். அங்கே பங்குனியில் மட்டையடி உற்சவம் உண்டு. நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லித் தாயாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். இங்கே ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். தாயார் தரப்பினர் வாழை மட்டையால் அடிக்கிறார்கள். பெருமாள் தரப்பிலிருந்து சாக்குகள் வருகின்றன. தாயார் தரப்பு ஒவ்வொன்றையும் உடைக்கிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்க, கதவு திறக்கிறது. கூட்டத்தில் பெண்கள் சிரிக்கும் சிரிப்பைக் கேட்க வேண்டும். எல்லோர் வீட்டுக் கதவும் அந்தக் கதவில் தெரிகிறது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கல் அன்று நடக்கும் திருவூடலும் இந்த வகைதான். அதற்கென்று அங்கே ஒரு தெருவே இருக்கிறது. பெண்ணின் கோபத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு தெரு, ஒரு மட்டை. அடுத்த பங்குனியில் பெருமாள் மறுபடியும் உறையூர் போவார்.

‘உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?’ என்று கேட்பது நம் ஊர் ஆண்களின் தீராத விளையாட்டு. மதுரை என்றால் மனைவி ஆட்சி, சிதம்பரம் என்றால் கணவன் ஆட்சி. ‘மதுரைதான், வேறென்ன’ என்று ஒருவர் பெருமூச்சு விட மற்றவர்கள் சிரிப்பார்கள். மதுரைக் கோவில் வழக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சித்திரைத் திருவிழாவின் 8ஆம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். 9ஆம் நாள் திக்குவிஜயம், 10ஆம் நாள் திருக்கல்யாணம். முடிசூடிய மூன்றாம் நாள் கழுத்தில் தாலி. சித்திரை முதல் ஆடி வரை 4 மாதம் அம்மனின் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். ஆவணி முதல் பங்குனி வரை 8 மாதம் அவர் ஆட்சி. எண்திசையும் வென்ற அரசிக்கே 12இல் 4 என்றால், பெருமூச்சு விடும் அந்த ஆண் எந்த மதுரையைச் சொல்கிறார்? சிதம்பரம் கதையோ அதைவிடச் சுருக்கம். ஆட்டத்தில் ஈசன் காலைத் தலைக்கு மேல் தூக்க, பெண் என்பதால் நாணி காளி நின்றுவிட்டாள், தோற்றாள், ஊர் எல்லைக்குப் போனாள் என்பது தல புராணம். விதிகளை எழுதியவர் யார் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

அதற்காகப் பெண்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்துக்கு வெளியே அவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கல்யாண வீட்டு நலங்கைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலையைச் சுற்றி மற்றவர் அப்பளம் நொறுக்குவதும் வெறும் விளையாட்டு. உண்மையான சங்கதி சுற்றி நிற்கும் பெண்களின் பாட்டில் இருக்கும். மாப்பிள்ளையின் நிறம், மூக்கு, சம்பந்தி அம்மாளின் வாய், அவர்கள் கொண்டுவந்த சீரின் அழகு எல்லாம் ராகம் போட்டு ஏசப்படும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நடவு வயலிலும் முளைப்பாரியிலும் மஞ்சள் நீர் ஊற்றும் நாளிலும் வேறு வேறு சாதிகளில், வேறு வேறு ஊர்களில் இந்த ஏசல் இருந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் என் பெரிய அத்தை ஏசலில் பேர் போனவள். என் கல்யாணத்தில் என் கணவரின் வழுக்கையை அவள் பாடிய பாட்டில், அவர் பக்கத்து ஆட்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அத்தை தன் வீட்டில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அடுத்தவர் கல்யாணத்தில் பாடியது போக மற்ற நாளெல்லாம் அவள் மாமாவின் காலடிச் சத்தத்துக்கு எழுந்து நிற்கிறவள்.

பிறகு அச்சு வந்தது. ஆனந்த விகடன் 1926இல் தொடங்கியது. 1928இல் எஸ்.எஸ். வாசன் அதை வாங்கினார். பெயரிலேயே சிரிப்பை வைத்திருந்த இதழ் அது. மாலியும் பின்னால் கோபுலுவும் வரைந்த படங்கள் ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கின. 1941இல் கல்கி, 1947இல் குமுதம். படிக்கத் தெரிந்த பெண்களின் கைக்கு வாராவாரம் சிரிப்பு வந்து சேர்ந்தது. பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நலங்கில் பாடியவள் இப்போது வாசகி. ஜோக் எழுதியவர்களும் படம் வரைந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தும்மலின் இரண்டு கதைகளில் ஒன்றுதான் அச்சேறியது.

பூரிக்கட்டை எப்போது ஆயுதமானது? மேலை நாட்டுச் சிரிப்புப் படங்களில் அது முன்பே உண்டு. 1913இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்மானஸ் தொடங்கிய ‘பிரிங்கிங் அப் ஃபாதர்’ படத்தொடரில் மேகி என்ற மனைவி ஜிக்ஸ் என்ற கணவன்மேல் மாவுக்கட்டையை வீசிக்கொண்டே இருப்பாள். நம் வீடுகளிலோ அரிசிதான் ராஜா. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்று, பங்கீடு வந்து, கோதுமை கொஞ்சம் கொஞ்சமாக நம் அடுப்படிக்குள் நுழைந்தது. தமிழ்ப் பெண்ணின் கையில் கட்டை வந்ததே ஒருவகையில் பஞ்சத்தால். பஞ்சகாலத்துக் கோதுமையை உருட்டித் தேய்த்துக் குடும்பத்துக்குச் சோறாக்கியவள் அவள். படத்தில் அந்தக் கட்டை மாவைத் தொடவே இல்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். எதிர்வீட்டு அக்கா ஒரு காலை காபித்தூள் கேட்டு வந்தார். புருவத்துக்கு மேல் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. “என்னக்கா ஆச்சு?” என்று கேட்டேன். “குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன் கண்ணு” என்றார். நான் சிரித்துவிட்டேன். அது ஜோக்கில் வரும் வரி அல்லவா? எனக்கு அந்த வரியைக் கேட்டால் சிரிக்கத்தான் தெரியும். அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. அக்காவை உள்ளே அழைத்துப் போய் மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள். எதுவும் கேட்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2019–21இல் நடந்த 5ஆவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது சந்தித்திருக்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாக நம் இதழ்களில் அடி வாங்கிக்கொண்டே இருந்தவர் யார்? ஆண். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகப் பொய் சொன்னவர் யார்? ஆண். வீங்கியது அவள் புருவம். கட்டுப் போட்டுக்கொண்டு சிரிப்பை வாங்கியது அவன் தலை. எதிர்வீட்டு அக்கா சொன்ன பொய்யைக்கூட ஜோக் பறித்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொய் என்றுகூடத் தெரியவில்லை. வேடிக்கை என்று தோன்றியது.

அப்படியானால் சிரிக்கவே வேண்டாமா? என் மாணவிகள் கேட்கும் கேள்வி இது. ‘பெண்ணியவாதிக்குச் சிரிப்பு வராது’ என்பதும் ஒரு ஜோக்தான். அதையும் சொல்லி நம்மைச் சிரிக்கச் சொல்வார்கள். நான் அவர்களுக்குக் குமுதினியைக் கொடுப்பேன். 1905இல் பிறந்து 1986இல் மறைந்த ரங்கநாயகி தாத்தம் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. திருவரங்கத்துக்காரர், காந்தியவாதி. 1930களில் விகடனில் எழுதினார். ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’ என்று தன் கட்டுரைகளுக்கு அவர் வைத்த தலைப்பைப் பாருங்கள். வீட்டு விவகாரம் எல்லாம் சில்லறை என்று ஒதுக்குகிறீர்களா, சரி, அந்தச் சில்லறையை வைத்தே நான் ஒரு கம்பெனி நடத்துகிறேன் என்று சொல்லாமல் சொல்கிற தலைப்பு. ‘அந்தப்புரத் தபால்’ பகுதியில் இதிகாசப் பெண்கள் அரண்மனையிலிருந்து கடிதம் எழுதுகிறார்கள். சீதை மிதிலையில் இருக்கும் அம்மாவுக்கு எழுதுகிறாள்: புக்ககத்தில் எல்லோரும் புதுமாதிரி சேலை உடுத்துகிறார்கள், என் சேலைகளைப் பார்த்து ஏதாவது சொல்வார்களோ என்று. அந்தக் கவலை நடுவில் காட்டுக்குப் போகும் செய்தி வருகிறது. சேலைக் கவலை அதோடு முடிகிறது. வாய்விட்டுச் சிரித்த அடுத்த நொடியில் தொண்டை அடைக்கும். காவியம் பேசாத ஒன்றை, புதுப்பெண் புது வீட்டில் ஒவ்வொரு நாளும் எடைபோடப்படுவதை, ஒரு சேலையை வைத்துச் சொல்லிவிடுகிறார். அதே சமையலறைதான், அதே மாமியார் வீடுதான். சொல்பவள் மாறியதும் சிரிப்பின் முகம் மாறிவிட்டது.

திரையிலும் சில இடங்களில் இது நடந்திருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணனோடு ஜோடி சேர்ந்த டி.ஏ. மதுரம் வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்கிற மனைவி அல்ல. கேள்விக்குக் கேள்வி வைப்பவர். கலைவாணர் தோற்றுச் சிரிக்கும் இடங்களில்தான் கொட்டகை கூடுதலாகச் சிரித்திருக்கும். 1986இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’, தலைப்பிலேயே மனைவியைத் தொட்டால் ஷாக் என்று சிரிக்கிற படம். ஆனால் கடைசியில், உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள் உமா, தள்ளியே இருப்போம், அப்படி இருந்தால்தான் பிரியம் இருக்கும் என்கிறாள். அன்று கொட்டகையில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் முழுவதும் சிரித்தவர்கள் மௌனமான அந்த இடத்தில் அம்மா மட்டும் மெல்லச் சிரித்தாள்.

சென்ற ஆண்டு மாணவிகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் மனைவி ஜோக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மனைவியைச் சொல்ல விடுங்கள். முதலில் வந்தவை பழிவாங்கல். பூரிக்கட்டை கை மாறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் முறை எழுதியபோது வேறு மாதிரி வந்தன. கடைக்குப் போய்ப் புடவை எடுக்க நான்கு மணி நேரம் ஆகும் மனைவி, அந்த நான்கு மணி நேரம்தான் வாரத்தில் நான் உட்கார்ந்திருக்கும் நேரம், அதிலும் எதிரே ஒருவர் எனக்காகத் துணியை மடித்து வைக்கிறார் என்று சொன்னாள். எழுதிய மாணவி சிரித்துக்கொண்டே வாசித்தாள். “இது எங்கம்மா மேடம்” என்றாள், மெதுவாக.

பென்சில் வரியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். “இது நீ எழுதினதாம்மா?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது.

“உங்கப்பாவோட ஆபீஸ்காரங்க சாப்பிட வந்திருந்தாங்கடி. சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்துட்டாரு. அறுபது பூரி. தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள மணிக்கட்டு வீங்கிப் போச்சு. எல்லாரும் போனப்புறம் இதைப் புரட்டினேன். பார்த்தா அவன் தலையில வீக்கமாம்.”

“அப்பாகிட்ட காட்டினியா?”

“எதுக்கு? அவரு நல்ல மனுஷன். சிரிச்சிருப்பாரு.”

அப்பா நல்ல மனிதர்தான். அடித்ததில்லை, அதட்டியதில்லை. அந்த வரியைப் படித்திருந்தால் உண்மையிலேயே சிரித்திருப்பார். அதையும் சத்தமாக வாசித்துக் காட்டியிருப்பார். அடுத்த முறை ஆட்களை அழைத்து வருமுன் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா என்று அம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால் தன் ஜோக்கைத் தொடர்கதையின் முதுகில் எழுதி, தைத்து, பெட்டியில் பூட்டிவிட்டாள். நகைச்சுவை உணர்ச்சி இல்லாத பெண் என்று நான் நினைத்தவளின் ஒரே வெளியீடு அது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பூரி. மாவு பிசைவது நான், தேய்ப்பதும் பொரிப்பதும் என் கணவர் என்று சில ஆண்டுகளாக ஓர் உடன்பாடு. அவர் தேய்க்கும் பூரி வட்டமாக வந்ததில்லை. பெரும்பாலும் இலங்கை, எப்போதாவது ஆஸ்திரேலியா. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் கட்டையைப் பிடித்திருக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கட்டையைப் பார்த்துப் பிடிங்க மாப்பிள்ளை” என்றாள். “பத்திரிகைக்காரன் எவனாவது பார்த்தா, பாவம், எம் பொண்ணு தலையில வீக்கம் வரைஞ்சுடுவான்.”

என் கணவர் சிரித்த சிரிப்பில் இலங்கை கிழிந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள், தோள் குலுங்க. பிறகு தட்டை முன்னால் தள்ளி, கிழிந்ததையே போடச் சொன்னாள்.